மயங்கிக் கிடந்தவனுக்குக் கெடு விதிப்பதா?

அமெரிக்காவில் இருதய ஆபரேஷனுக்குப் போன ஏராளமானோரின் உடம்பில் டிராசிலால் என்ற மருந்து ஏற்றப்பட்டது. ரத்தம் அதிகம் போகாமல் தடுக்கும் மருந்து. ஜெர்மன் பேயர் கம்பெனியின் சரக்கு. 1993-ல் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா இதற்கு அனுமதி கொடுத்தது.

2006 ஜனவரியில் டாக்டர் டென்னிஸ் மங்கானோவின் குழு, 4,374 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இம்மருந்தால் சிறுநீரகம் கெடும் அபாயம் இரட்டிப்பாகிறது என்று வெளியிட்டது. இதே வேலையைச் செய்யும் இரண்டு மலிவான மருந்துகளில் அந்த அபாயம் காணப்படவில்லை.

அந்த செப்டம்பரில் மருந்து இலாகாவின் நிபுணர்கள் கூடி விசாரித்தார்கள். பேயர் பிரதிநிதிகளும் வந்தார்கள். 67,000 ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்துக் கம்பெனியே பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முதல் முடிவு கம்பெனியிடம் இருந்தது. அதுவும் அபாயத்தையே காட்டிற்று. வாய் திறந்தார்களா? இல்லை! ஆராய்ச்சியில் ஈடுபட்ட விஞ்ஞானி ஒருவர் தகவல் கொடுத்த பிறகே விஷயம் அம்பலமாயிற்று. தவறு நேர்ந்துவிட்டது என்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. விற்பனை மட்டும் நிற்கவில்லை. இம்மருந்து பெற்றவர்களிடையே சாவு அதிகம் என்று கண்டு, கனடாவில் நடந்த பெரிய சோதனையை 2007 அக்டோபரில் பாதியில் நிறுத்தினார்கள். அதன் பின், நவம்பரில்தான் கம்பெனி விற்பனையை நிறுத்தியது.

பாதிக்கப்பட்டவன் என்ன செய்யலாம்? கம்பெனி எச்சரிக்கத் தவறியது என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இறந்தவரின் குடும்பத்தாரும் போடலாம். ஜெயித்தால் மட்டும் பங்கு வாங்கும் வக்கீல்கள் அங்கே உண்டு. சர்க்கார் அனுமதித்த மருந்து என்று சொல்லிக் கம்பெனி தப்ப முடியாது என்று, வேறொரு மருந்து வழக்கில், 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே கோர்ட் 2011-ல், காப்புரிமை தீர்ந்த மருந்தைத் தயாரித்து மலிவாக விற்கும் கம்பெனிகள் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்றது. மலிவு மருந்து வாங்கிய ஏழை எங்கே போவான்?

இதைவிடப் பெரிய அநியாயம் கெடுவில் இருக்கிறது. பல மாகாணங்களில் இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். டென்னஸியில் ஒரே வருஷம்! மேஜையில் மயங்கிக் கிடந்தவனுக்கு என்ன மருந்து ஏற்றினார்கள் என்று எப்படித் தெரியும்? மருந்தின் பெயர் ஆஸ்பத்திரிக் குறிப்பில்தான் இருக்கிறது. அதன் நகலைக் கேட்டு வாங்க அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கேள் என்று அவனிடம் சொல்வது யார்? நோயாளியிடம் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரை எச்சரித்தால் போதும் என்பதே பெரும்பாலும் அங்குள்ள சட்டம். விஷயம் தெரியவந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய, நாளிலிருந்து கெடுவை எண்ணும் விதி பல இடங்களில் உண்டு. பத்திரிகையில் செய்தி வந்ததே, அன்றே தெரிந்திருக்க வேண்டாமா என்று கம்பெனி வக்கீல் கேட்பார். கம்பெனி தன் கையிலிருந்த முடிவைச் சர்க்காரிடமே சொல்லாதபோது, நோயாளிக்கு மட்டும் கெடுவா?

பல வழக்குகளைப் பேயர் பணம் கொடுத்துப் பேசி முடித்துக்கொண்டது. 2012-ல் ஐரோப்பிய மருந்து ஏஜென்சி பழைய கணக்குகளை மறுபரிசீலனை செய்து, கட்டுப்பாடுகளோடு இம்மருந்தை மீண்டும் அனுமதிக்கலாம் என்றது. இருக்கட்டும். மருந்து நல்லதா கெட்டதா என்பது டாக்டர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். கம்பெனி மறைத்தது வேறு விஷயம். ஆபரேஷனில் ஏற்றிய மருந்துகளின் பெயரை எழுதி நோயாளி கையில் கொடுக்க வேண்டும். கம்பெனி தனக்குத் தெரிந்த அபாயம் அனைத்தையும் பகிரங்கப்படுத்திய நாளிலிருந்தே கெடுவை எண்ண வேண்டும். இந்த இரண்டும் சட்டமாக வேண்டும்.