பாலாற்றங்கரையும் உணவுப் பொட்டலங்களும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், பாலாறு என்னும் இடத்தில் தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குகிறது. இது வேலூர் வழியே ஓடும் பெரிய பாலாறு அன்று. மலைக்காடுகளிலிருந்து இறங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு மேலே காவிரியுடன் கலக்கும் சிற்றாறு. இதன் அக்கரை 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று சாமராஜநகர மாவட்டத்தில் உள்ளது. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி ஆகிய திருநாட்களில் இரு மாநிலத்தாரும் இவ்வழியே திரளாக மலைக்குச் செல்கின்றனர். வழியில் உண்கின்றனர், உண்டபின் உறையை எறிந்துவிடுகின்றனர். அவ்வுறை காட்டிலே தங்கினால், உப்புச் சுவையை நாடி வரும் யானையும் மானும் அதனை விழுங்கக்கூடும். மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டால் அது காவிரியை அடையும். மேட்டூர் நீரைக் குடிக்கும் ஊர்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கர்நாடகம் 2016-இலும், தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தும் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தன. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து மத்திய அரசின் தடையும் நடைமுறைக்கு வந்தது. தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை மத்திய அரசின் பட்டியலில் உண்டு. ஆனால் வறுவல் உறைகளும் குடிநீர்க் குப்பிகளும் அதில் இடம்பெறவில்லை. இவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. இதற்கான நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் வெளியாயின. எனினும், காட்டுச் சாலையோரத்தில் கிடக்கும் ஓர் உறையைக் குனிந்து எடுப்பவர் யார் என்ற கேள்விக்கு அவற்றால் மட்டும் விடை கிடைத்துவிடாது.

"உறைகளையே ஒழித்துவிட்டால் என்ன?" என்று கேட்போர் உண்டு. இதனை ஏற்பதற்கில்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் தொடங்கப்பட்டது. உணவு கெடுவதற்குரிய காரணங்களை ஆராய்ந்து, அதனைக் காக்கும் வழிகளைக் காண்பது அதன் முக்கிய பணிகளுள் ஒன்று. எண்ணெயில் வறுத்த பண்டம் பிராணவாயு பட்டால் சிக்கல் நாற்றம் கொள்ளும். ஈரம் பட்டால் மொறுமொறுப்பை இழக்கும். உறை இவ்விரண்டையும் தடுக்கிறது. உணவு கெட்டு வீணாகும்போது அதை விளைவித்த நீரும், உரமும், உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன. ஆகவே உறை நமக்குப் பகையன்று. பொருந்தாத உறையே பகை.

பொருந்தாமை எங்கே இருக்கிறது? பால் உறையையும் வறுவல் உறையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பால் உறை முழுவதும் பாலிஎதிலீன் என்ற ஒரே இனப் பொருள். கழுவி உலர்த்தி வைத்தால் பழைய பொருள் வாங்குவோர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வர். உருக்கி வேறு பொருளாக வார்க்கலாம். வறுவல் உறையோ பல அடுக்குகள் ஒட்டிய தாள். வலிமைக்கும் அச்சுக்கும் ஒரு பிளாஸ்டிக், பிராணவாயுவையும் ஒளியையும் தடுக்க மெல்லிய அலுமினியப் பூச்சு, சூட்டினால் வாயை ஒட்டுவதற்கு மற்றொரு பிளாஸ்டிக் எனப் பல உறைகள் அமைகின்றன. இவ்வகையில் மிகுதியாகப் பயன்படும் பாலிஎதிலீன் சுமார் 110 டிகிரி சென்டிகிரேடில் உருகும். பாலியெஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய இவற்றைப் பிரிப்பது கடினம். சேர்த்து உருக்குவதும் பயன் தராது. ஆதலால் இவ்வுறைக்கு விலை இல்லை. விலையில்லாப் பொருளைப் பொறுக்குவாரும் இல்லை.

உணவு எத்தனை நாள் கெடாதிருக்க வேண்டும் என்பதே உறையைத் தேர்ந்தெடுக்க உரிய அளவுகோல். 1961-இல் மைசூரில் நிறுவப்பட்ட பாதுகாப்புத்துறை உணவு ஆராய்ச்சிக்கூடம், படைவீரருக்காக மாதக்கணக்கில் கெடாத உணவுப் பொட்டலங்களை உருவாக்கியது. பனிமலையில் நிற்கும் வீரனுக்கு அது இன்றியமையாதது. பாலாற்றைக் கடந்து ஒரு மணி நேரத்திற்குள் உண்ணப்போகும் யாத்ரீகனுக்கு அத்தகைய காப்பு எதற்கு? அவனுக்கு வாழையிலையும், தையல் இலையும், வீட்டிலிருந்து கொண்டுவரும் தூக்குப் பாத்திரமும் போதுமானவை. பல நாள் இருக்க வேண்டிய பண்டங்களுக்கு மட்டும் உறையை வைத்துக்கொண்டு, அதையும் இயன்றவரை ஒரே இனப் பொருளால் ஆக்க வேண்டும்.

மாற்றுப் பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. செய்தித்தாளில் உணவைச் சுற்றினால் அச்சு மையிலுள்ள தீய பொருள்கள் உணவில் சேரும். 2018-ஆம் ஆண்டு உணவு உறை விதிகள் இதனைத் தடுக்கின்றன. பாக்கு மட்டைத் தட்டுகளிலிருந்து பாக்கின் அல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் என 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. "மக்கும் பிளாஸ்டிக்" என விற்கப்படும் பாலிலாக்டிக் அமிலப் பொருள்கள் சுமார் 60 டிகிரி உஷ்ணமுள்ள உரக்கூடத்தில்தான் நன்கு மக்கும்; ஆற்றங்கரையில் எறிந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

தவிர்க்க முடியாத குப்பிகளுக்கும் உறைகளுக்கும் முன்பணமே தக்க வழி என்பது நம் கருத்து. நீலகிரியில் எறியப்பட்ட மதுக்குப்பிகள் உடைந்து யானைகளின் பாதங்களைப் புண்படுத்தியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டை ஒட்டி, 2022 மே மாதம் ஒரு முறை கொண்டுவரப்பட்டது. குப்பி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெறுவர். காலிக் குப்பியைக் கொடுத்தால் அதனைத் திருப்பித் தருவர். அதே ஆண்டில் கேதார்நாத் யாத்திரை வழியில் குடிநீர்க் குப்பி முதலியவற்றிற்கும் 10 ரூபாய் முன்பண முறை தொடங்கப்பட்டது. மாதேஸ்வரன் மலைச் சாலைக்கு இது மிகவும் ஏற்றது. ஏனெனில் பாலாற்றிலுள்ள சோதனைச் சாவடியே இயல்பான வாசலாக அமைந்துள்ளது. ஆனால் ஒரு மாநிலம் மட்டும் செய்தால் பயனில்லை. கொளத்தூரில் வாங்கிய குப்பியை மலைமேல் கொடுத்தாலும், மலைமேல் வாங்கியதைக் கொளத்தூரில் கொடுத்தாலும் பணம் திரும்ப வேண்டும். சிறு கடைக்காரருக்கு இதனால் வேலை கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். குப்பி ஒன்றுக்கு ஒரு சிறு தொகையை அவருக்குக் கூலியாக உற்பத்தியாளர் அளிப்பதே இதற்குப் பரிகாரம்.

களப் பணியாளரும் ஆசிரியரும் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. திருவிழா முடிந்த மறுவாரம், பெரியோர் துணையுடன், காட்டிற்குள் நுழையாமல், ஊரை அடுத்த சாலையில் நூறு மீட்டர் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கையுறை அணிந்து அங்குள்ள உறைகளைச் சேகரித்து, ஒரே இனப் பொருளாலானவை, பல அடுக்கானவை, குப்பிகள் என மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். தயாரித்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே நூறு மீட்டரில் எடுத்த கணக்கை ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் அனுப்புங்கள். மாணவர் கையால் எழுதிய அந்த எண்கள் எந்தச் சட்டம் பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைக் காட்டும். உற்பத்தியாளரிடம் பொறுப்பைக் கேட்கும்போது ஊராரின் கையில் சான்றாகவும் இருக்கும்.