பேராயரின் வெள்ளிக்காசு

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் பேராயர் விக்மன் (1152–1192) வெளியிட்ட மெல்லிய வெள்ளிக் காசுகளைக் கலைச்செல்வம் என்கிறார்கள். பணம் முடங்காமல் ஓட வழிசெய்தவை என்று புகழும் பொருளாதாரப் பண்டிதர்களும் உண்டு!

நடந்தது என்ன? ஆண்டுக்கு இருமுறை பழைய காசு செல்லாது. 12 பழைய காசைக் கொடுத்தால் 9 புதிய காசு. கால்பங்கு பறிபோயிற்று!

பெருவணிகன் வெள்ளியைக் கட்டியாகவே வைத்துத் தப்பினான். சில்லறையை நம்பிய கைவினைஞனும் உழவனும் தப்ப முடியுமா? காசில் ஒரு பக்கம் மட்டுமே அச்சு. அதில் புனித மாரிஸ். நியாயமும் அப்படியே, ஒரு பக்கம்தான்!

பின்னர் ஜெர்மன் நகரங்கள் பல, நாணய உரிமையையே ஆண்டவர்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கின. 1369-ல் பெர்லினும் வாங்கியது. பண்டிதர்களே, நன்மை செய்த காசு என்றால், அதிலிருந்து தப்ப மக்கள் பணம் கொடுத்திருப்பார்களா?