வெளிச்சமும் ஒரு மருந்து



சென்ற வாரம் மாணவன் ஒருவனின் தாயார் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். "வாத்தியாரே, வெளிச்சம் காட்டியே கிருமியைக் கொல்றாங்களாமே? எங்க வீட்டுக்காரரு காலை வெயில்ல நீட்டி வைக்கலாமா?" என்று கேட்டார். செம்பனை முள் குத்திய புண். அவருக்கு இனிப்பு நீர் வேறு. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மூன்று நாள் விழுங்கியிருக்கிறார். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டார். இப்போது புண்ணில் மறுபடியும் சீழ்.

அந்த அம்மாள் கேள்விப்பட்டது பொய்யல்ல. 1900-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஒரு விந்தையை எழுதி வைத்தார். சாயம் கலந்த நீரில் விட்ட நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் விரைவில் மடிந்தன. இருட்டில் நெடுநேரம் பிழைத்திருந்தன. சாயம் தனியாகவோ வெளிச்சம் தனியாகவோ அந்த வேலையைச் செய்யவில்லை. இரண்டும் சேரவேண்டியிருந்தது.

இன்றைய சிகிச்சையும் அதுதான். மெதிலின் புளூ என்ற நீலச் சாயத்தைப் பூசுகிறார்கள். அது கிருமியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சாயம் அந்த ஒளியின் சக்தியை வாங்கி, பக்கத்திலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. முறுக்கேறிய அந்தப் பிராணவாயு கிருமியின் தோலையும் உள்ளுறுப்புகளையும் ஒரே சமயத்தில் தாக்குகிறது. மாத்திரை பெரும்பாலும் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போன்றது. கிருமி பூட்டை மாற்றிவிட்டால் சாவி வீண். 1959-இல் புழக்கத்துக்கு வந்த மெதிசிலினுக்கு அடங்காத கிருமியை இங்கிலாந்தில் 1961-லேயே கண்டுவிட்டார்கள். ஆனால் வீட்டையே நாலாபுறமும் கொளுத்தினால் பூட்டை மாற்றி என்ன பயன்?

கனடாவின் வான்கூவர் நகர மருத்துவமனையில் 2011-12-இல் 3,000-க்கும் மேற்பட்டோருக்கு அறுவைக்கு முன் மூக்குத் துவாரத்தில் இப்படிச் செய்தார்கள். அறுவைப் புண்ணில் கிருமி தொற்றுவது 2.7 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. உடம்பையும் கிருமிநாசினியால் துடைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமை முழுவதும் ஒளிக்கே அல்ல.

ஒளி தோலுக்கடியில் அதிக ஆழம் போகாது. மூக்கு, ஈறு, மேற்புண் ஆகியவற்றுக்குச் சரி. இரத்தத்திலோ எலும்பிலோ இறங்கிவிட்ட கிருமியை அது எட்டாது. வெயிலோ, சாயமில்லாத வெறும் சூடு. இனிப்பு நீர் உள்ளவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. (பழைய நீல மருந்தைத் தடவி வெயிலில் உட்காரலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அளவும் ஒளியின் நிறமும் தெரிந்தவர்கள் செய்யும் வேலை இது.)

"வெயில் வேண்டாம் அம்மா. மீதி மாத்திரையையும் எடுத்துக்கொண்டு இன்றே கிளினிக்குக்குப் போங்கள். பாதியில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்" என்றேன். ஏச்சு விழும் என்று கணவர் தயங்கினாராம். மறுநாள்தான் போயிருக்கிறார்கள். யாரும் ஏசவில்லை. சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கிறார்கள். முடிவுக்குக் காத்திருக்கிறோம்.