கொடுக்க மறுத்தவர்

2020-ஆம் வருஷத்துக் கொரோனாக் காலத்தில் மருந்துக் கடைகள் செய்த சேவையைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஊரே அடைத்துக் கிடந்தபோது அவை திறந்திருந்தன. வாசலில் கயிறு கட்டினார்கள்; தரையில் வட்டம் போட்டார்கள்; மருந்துச் சீட்டை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு மாத்திரையை வீட்டுக்கே அனுப்பினார்கள். எல்லாம் வாஸ்தவம். ஆனால் மளிகைக் கடைக்காரரும் இதையெல்லாம் செய்தாரே! மருந்துக் கடைக்கென்று தனியாக ஒரு கடமை இல்லையா?

அந்த மார்ச் மாதக் கடைசியில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனேன். ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற பெயர் அப்போது எல்லார் வாயிலும் புரண்டது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. இருக்கட்டுமே என்றுதான் கேட்டேன். “சீட்டு இல்லாமல் தரமாட்டேன், ஸார்” என்றார் கடைக்காரர். பதினைந்து வருஷப் பழக்கம்! கோபத்தோடு அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பையன், ஏன் எதற்கு என்று கேட்காமல், இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தான்.

எங்கள் மாடியில் குடியிருந்த அம்மாள் மூட்டுவாதத்துக்காக வருஷக்கணக்காய் அதே மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். அடுத்த வாரம் நாலு கடை ஏறி இறங்கியும் அவருக்குக் கிடைக்கவில்லை. என் அலமாரியிலோ இரண்டு அட்டை தூங்கிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். கை கூசியது.

மார்ச் 26-ஆம் தேதி சர்க்கார் இரண்டு உத்தரவுகள் போட்டது. மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பது ஒன்று. இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டாடினோம். பின்னதைக் காற்றில் விட்டோம்.

சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தம் கையால் கொடுக்க வேண்டும், அல்லது அவர் கண்ணெதிரே கொடுக்க வேண்டும் என்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகள் சொல்கின்றன. எதற்காக? அட்டையை எடுத்து நீட்ட எந்தப் பையனுக்கும் தெரியும். எப்போது நீட்டக் கூடாது என்று தெரிந்திருக்கத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது.

மறுத்தால் வியாபாரம் போய்விடாதா என்பீர்கள். போகத்தான் செய்யும், நானே போனேனே! ஆகவே குற்றம் பையனுடையது மட்டுமல்ல. கேட்டதையெல்லாம் கொடுப்பவன் நல்லவன், கேள்வி கேட்பவன் கெட்டவன் என்று தீர்ப்பு வைத்திருக்கும் நம்முடையதுந்தான்.

இன்னொரு கொள்ளை நோய் வந்தால் கயிறும் வட்டமும் ஒரே நாளில் வந்துவிடும். ‘தரமாட்டேன்’ என்று சொல்லும் மனிதர் அப்படி வந்துவிடமாட்டார். அவரை நாம் இன்றைக்கே ஆதரித்து வைத்திருக்க வேண்டும். நான் பழைய கடைக்கே திரும்பிவிட்டேன். அவர் இன்றும் சீட்டைக் கேட்கிறார். எடுத்து நீட்டுகிறேன்.