மடிக்கணினிக்கும் காப்பீடு வேண்டும்: மல்லசமுத்திரம் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம், ஐதராபாத், நான்கு பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள், தமிழ்நாடு அரசு.

நாங்கள் பருத்தியும் எள்ளும் விளைவிப்பவர்கள், விசைத்தறி ஓட்டுபவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வெளிமாநிலம் போகிறவர்கள். இன்சூரன்ஸ் எங்களுக்குப் புதிதல்ல. மாட்டுக்குக் காதில் வில்லை குத்திப் பாலிசி எடுக்கிறோம். தேசியக் கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் 15 சதவீதம் நாங்கள் கட்டினால் போதும், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. கறவை மாட்டின் விலைக்கு நிகராகக் கடன் வாங்கிப் பிள்ளைக்கு லேப்டாப் எடுத்தால் மட்டும் அதற்கு அப்படி எளிய காவல் இல்லை.

எங்களில் ஒருவர் தறி ஓட்டுகிறார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு 72,000 ரூபாய் லேப்டாப்பைத் தவணையில் எடுத்தார். 'பாதுகாப்புத் திட்டம்' என்று கடையில் தனியாகவும் பணம் கட்டினார். சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பை களவு போனது. காவல் நிலையத்தில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், கிளைமுக்குத் திட்ட நிறுவனத்தார் எஃப்.ஐ.ஆர். கேட்டார்கள். அலைந்து அதையும் வாங்கிக் கொடுத்த பிறகு, பை 'கவனிப்பின்றி' இருந்ததாகச் சொல்லி நிராகரித்தார்கள். அந்தப் பெண் தன் தலைக்கு மேலிருந்த தட்டில்தான் பையை வைத்திருந்தாள். அப்படியொரு நிபந்தனை இருப்பதே, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அடித்த தாளை ஒருவர் படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சார்ஜர் மட்டும் இன்னும் வீட்டு ஜன்னலில் சுருட்டிக் கிடக்கிறது. ஒன்பது தவணை பாக்கி.

ஆகவே கேட்கிறோம்.

மடிக்கணினிக்கென்று தனி நபர் வாங்கக்கூடிய எளிய பாலிசி ஒன்றைப் பொதுத்துறை நிறுவனங்கள் கொண்டுவர வேண்டும். வீட்டுக் காப்பீட்டோடு சேர்த்தும், மின்னணுச் சாதனக் காப்பீடாகவும் இப்போதே வழிகள் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் வரும் முகவர்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. களவு, கீழே விழுதல், தண்ணீர் படுதல் மூன்றும் நாங்கள் கேட்கும் பாலிசியில் அடங்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கிப் போர்டு கருகுவதும் அடங்க வேண்டும். தறி ஓடும் வீடுகளில் இது நடக்காத கதையல்ல. வாரண்டி இவற்றுக்கு உதவாது, அது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே.

பாலிசியின் முதல் பக்கம் தமிழில் இருக்கட்டும். எதற்குப் பணம் வராது, ஓராண்டு ஓடிய மெஷினுக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பது அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

களவுப் புகாரை எழுத்தில் பதிந்து, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. காவல் நிலையங்கள் சி.எஸ்.ஆரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எஃப்.ஐ.ஆர். வரும்வரை சி.எஸ்.ஆரை ஏற்று நிறுவனங்கள் கிளைமைத் தொடங்க வேண்டும்.

22.9.2025 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. படிக்கும் பிள்ளையின் கணினிக்கான பிரீமியத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கப் பரிந்துரையுங்கள்.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்த தமிழ்நாடு அரசு, கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் கூட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனத்தோடே இதைப் பேசி முடிக்கலாம். இருபது லட்சம் பேருக்கு மொத்தமாகக் கேட்கும் விலை, ஒற்றை ஆள் கேட்கும் விலையாக இருக்காது.

பருத்தி ஏலத்துக்கு நாங்கள் கூடும் நாளில் மல்லசமுத்திரத்திலேயே முகாம் போடுங்கள். மாட்டுக்கு எழுதும் அதே மேசையில் லேப்டாப்புக்கும் எழுதுங்கள், பில்லோடு வருகிறோம்.