கஞ்சிலில் ஏறிய இலக்கணம்

மகிழுந்துப் பெயர்களை வைத்துத் தமிழ் வகுப்பில் இலக்கணப் புதிர் போடுவது மொழியைக் கொச்சைப்படுத்தும் செயல் என்று ஆசிரியப் பெருமக்களிடையே ஒரு குரல் அவ்வப்போது எழுகிறது. மொழிப்பற்றால் எழும் குரல்தான். ஆயினும், அஃது இலக்கணத்தை ஏட்டுக்குள் பூட்டிவைக்கும் குரல் என்பேன்.

1994இல் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட கஞ்சிலையே எடுத்துக்கொள்வோம். 'கஞ்சில் வந்தது' என்னும் தொடரில் உள்ள 'இல்' ஏழாம் வேற்றுமை உருபா? அன்று. வெயில், மயில் என்பவற்றில் போல அது பெயரோடு பிறந்தது. 'வெயிலில் நின்றான்' என்று தயங்காமல் எழுதும் மாணவன், 'கஞ்சிலில் வந்தான்' என்றதும் திகைக்கிறான். பெயர் வேறு, உருபு வேறு என்பது அந்தத் திகைப்பில்தான் அவனுக்குப் புலனாகிறது. உருபுப் பட்டியலை நூறு முறை ஒப்புவித்தாலும் இது கிட்டுமா?

'வீரா, வா!' என்றால் வீரன் விளியேற்று நிற்கிறான், எட்டாம் வேற்றுமை. 'வீரா வந்தது' என்றால் 1993இல் வெளிவந்த புரோட்டோன் வண்டி; எழுவாய், அஃறிணை. வடிவம் ஒன்றாயிருக்க, வேற்றுமையும் திணையும் மாறிவிட்டன! ஈஸ்வராவும் அவ்வாறே. (எண்ணெய் தீர்ந்து நடுவழியில் நின்றவர் 'ஈஸ்வரா!' என்றால் அஃது எழுவாயா விளியா என்பதை அவரிடமே கேட்டறிக.)

இவற்றினும் சுவையானது சாகா. மலாயில் அது மஞ்சாடி மரத்தின் பெயர். தமிழில் படித்தாலோ 'சாகாத' என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 1985இல் சாலைக்கு வந்து, பலமுறை உருமாறி, இன்றும் விற்பனையாகும் வண்டிக்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தம்! 'சாகாக் கார்' என்று எழுதுகையில் ககர ஒற்று மிகுகிறதே, எவ்விதியால்? பெயரெச்சமாகக் கொண்டால் ஒரு விதி. மல்லிகைப்பூ போல இருபெயரொட்டாகக் கொண்டால் வேறொரு விதி. இரண்டு விடையும் சரி என்னும் வினாவைப் பயிற்றுநூல்களில் காண்பது அரிது.

கஞ்சிலைச் 'சருகுமான்' என்று மொழிபெயர்த்தால் மட்டுமே ஏற்போம் என்பாரும் உளர். பொருள் அதுதான். ஆனால், 'அப்பாவின் சருகுமானில் ஏறிப் பள்ளிக்கு வந்தேன்' என்று ஒரு பிள்ளை கட்டுரை எழுதினால் என்ன மதிப்பெண் இடுவார்கள்? வடசொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய ஏற்கத் தொல்காப்பியரே நெறி வகுத்திருக்கிறார். வாஜாவின் ஜகரத்தை என்செய்வது என்று மாணவரையே வாதிடச் செய்யலாமே!

தேர்வு நெருங்குகிறது, விளையாட நேரமில்லை என்பது முன்னாளில் சொன்ன காரணம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னும் 'இராமன் மரத்தை வெட்டினான்' என்பதைவிட்டு நகர மறுப்பது ஏன்? இடைநிலைப்பள்ளியில் தமிழ் விருப்பப் பாடமாகிவிடுகிறது. இலக்கணம் தன் வாய்மொழிக்கும் உரியது என்று உணராத பிள்ளை அங்கே தமிழை எடுக்கத் துணியுமா?

மறுப்புடையோர் தாராளமாக எழுதுக. 'மைவி' பகுபதமா பகாப்பதமா என்பதற்கும் விடை சேர்த்து எழுதுக.