ஃபார்மேட் போட்டாச்சு... ஃபைல் திரும்பக் கிடைக்குமா? பூட்டிய டிஸ்க்குக்குப் பதில் வேறு!

லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு சர்வீஸ் கடைக்குப் போனால், 'ஃபார்மேட் போட்டுடலாம் சார்' என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். கை தவறி டி டிரைவும் சேர்ந்து போனால்? செஞ்சிக் கோட்டையில் எடுத்த படங்களிலிருந்து கல்யாண ஆல்பம் வரை எல்லாம் காலி.

உடனே பதற வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் 'குவிக் ஃபார்மேட்' அழிப்பது பெரும்பாலும் அட்டவணையை மட்டும்தான். நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கிழித்ததுபோல. புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றைத் தேடி எடுக்கும். அதுவரை அந்த டிஸ்க்கில் எதையும் காப்பி செய்யக் கூடாது. மீட்ட ஃபைல்களை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. 'டிரிம்' என்ற வசதி, காலியான இடங்களைத் தானே துடைத்துவிடும்.

என்கிரிப்ட் செய்த டிஸ்க் கதையே வேறு. செஞ்சி ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று உண்டு. அன்று அதைக் கடக்க மரப்பாலம்தான். அதை எடுத்துவிட்டால் எதிரி எட்டிப் பார்க்கக்கூட முடியாது. (1690-ல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது!) டிஸ்க்கில் அந்தப் பாலம், 'ஹெடர்' எனும் சின்னப் பகுதி. உண்மையான சாவி அங்கேதான் இருக்கிறது. பாஸ்வேர்டு அதைத் திறக்க மட்டுமே. லினக்ஸின் லக்ஸ் முறையில் ஃபார்மேட்டில் ஹெடர் அழிந்தால், சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. வெராகிரிப்ட் கடைசியில் ஒரு நகல் வைத்திருப்பதால், சில சமயம் தப்பலாம்.

சிக்கல் என்னவென்றால், தன் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2-வைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிறது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் கோளாறால் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கியபோது, பல அலுவலகங்கள் 48 இலக்க பிட்லாக்கர் சாவியைத் தேடி அலைந்தன. லேப்டாப் திருடு போனால் என்கிரிப்ஷன்தான் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்காமல் பூட்டும் நிறுவனம், சாவி எங்கே இருக்கிறது என்பதை முதல் திரையிலேயே, தமிழிலேயே சொல்ல வேண்டாமா? சர்வீஸ் கடைக்காரரும் ஃபார்மேட்டுக்கு முன் 'ரெக்கவரி கீ இருக்கா?' என்று கேட்கலாமே.

இப்போதைக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைக்கலாம். லக்ஸ் ஹெடர் பேக்கப் சுமார் 16 எம்பிதான், ஒரு பென்டிரைவ் போதும். அதே லேப்டாப்பில் மட்டும் வைக்க வேண்டாம்.